மாதிரி ஊரின் ஐஸ் கம்பெனி

பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். தலைமை அலுவலகத்தில் வேலை பார்ப்பவன் எவ்வளவு நலமாக இருக்க முடியுமோ, அவ்வளவு நலம். உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? அத்தானை விசாரித்ததாகச் சொல்.

இந்தக் காலத்தில் கடிதமா என்று நீ சிரிப்பது எனக்குக் கேட்கிறது. போனில் பேசினால் நான் பாடம் எடுக்க ஆரம்பித்துவிடுகிறேன், நீ அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று சொல்லி வைத்துவிடுகிறாய். கடிதத்தில் அடுப்பு தீயாது.

விஷயம் இதுதான். எங்கள் நிவாரணத் தொண்டு நிறுவனம் இதுவரை ஆபத்து வந்த பிறகு ஓடிக்கொண்டிருந்தது. இனி வருவதற்கு முன்பே நடக்கலாம் என்று முடிவு செய்திருக்கிறது. ஒவ்வொரு தெருவிலும் கூட்டம் போட்டு, "உங்களுக்கு எதனால் ஆபத்து?" என்று அந்தத் தெருக்காரர்களையே கேட்பது திட்டம். இதுதான் ஆபத்து மதிப்பீடு. நாங்கள் வந்து கேட்டால் யாரும் வாய் திறப்பதில்லை. எனவே உள்ளூரிலேயே சிலருக்குப் பயிற்சி கொடுத்துக் கேட்க வைக்கிறோம். அவர்களுக்கு வழிநடத்துநர் என்று பெயர். உங்கள் பகுதிக்கு உன் பெயரைக் கொடுத்துவிட்டேன். உன் தையல் கடைக்கு வராத செய்தி அந்தத் தெருவில் நடக்கவே இல்லை என்று அர்த்தம் என்பது என் நெடுநாள் கருத்து.

செய்ய வேண்டியது சுலபம். தரையில் பெரிய தாளை விரிக்க வேண்டும். மக்களே அதில் தங்கள் தெருவை வரைவார்கள். ஆளுக்கு மூன்று கூழாங்கல் கொடுக்க வேண்டும். எதைக் கண்டு பயமோ அதன் மேல் கல்லை வைப்பார்கள். தாள் என்னிடம் வரும். நான் சரிபார்த்து மேலே அனுப்புவேன். அங்கிருந்து ஆய்வாளர்கள் வருவார்கள்.

ஒரே ஒரு கண்டிப்பான விதி. வழிநடத்துநர் தன் கருத்தைச் சொல்லவே கூடாது. கேட்க வேண்டும், காத்திருக்க வேண்டும், சொன்னதை எழுத வேண்டும். அதாவது பேசாமல் இருப்பதுதான் வேலை. இது தெரிந்தே உன்னைச் சிபாரிசு செய்திருக்கிறேன். என் துணிச்சலை நீ மெச்ச வேண்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
தம்பி


பிப்ரவரி 21

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. முட்டி நலம், அதாவது வலி நலமாக இருக்கிறது. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? உன் எழுத்து சாய்ந்திருப்பதைப் பார்த்தால் சாப்பிடுகிற மாதிரி தெரியவில்லை.

பயிற்சி முடிந்துவிட்டது. முதல் நாள் கேள்வி கேட்கக் கற்றுக்கொடுத்தார்கள். இரண்டாம் நாள் பதிலுக்குக் காத்திருக்க. மூன்றாம் நாள், பதில் வராவிட்டாலும் காத்திருக்க. கல்யாணமான பெண்ணுக்கு இதைச் சொல்லித்தர நகரத்திலிருந்து ஆள் வர வேண்டியிருக்கிறது.

என்னோடு பயிற்சிக்கு வந்தவர்கள் நம் சலூன்காரரும் ஓய்வு பெற்ற தபால்காரரும் இன்னும் சிலரும். ஒத்திகைக்கு 'மாதிரி ஊர்' என்று அச்சடித்த படம் ஒன்று கொடுத்தார்கள். அந்த ஊருக்கு ஒரு பக்கம் ஆறு, ஒரு பக்கம் கடல், நடுவில் ரயில் பாதை, மூலையில் எரிமலை. தபால்காரர் வெகு நேரம் பார்த்துவிட்டு, "இந்த ஊர்ல வீடு வாங்கினவன் யாருங்க? அவனை மொதல்ல மதிப்பீடு பண்ணணும்" என்றார். பயிற்சியாளர் சிரிக்கவில்லை. அது அவருடைய பயிற்சி போலிருக்கிறது.

உன் அத்தானுக்கு என் சான்றிதழைக் காட்டினேன். "வாயை மூடிட்டு இருக்கறதுக்கா சர்டிபிகேட்? மொதல்லயே சொல்லியிருந்தா கிளாஸை நானே எடுத்திருப்பேனே" என்றார். சிரித்துக்கொண்டிருக்கும்போதே இருமல் வந்துவிட்டது. இப்போதெல்லாம் கொஞ்சம் இருமல். ஐஸ் கம்பெனியில் மெஷின் ரூம் பொறுப்பு முழுவதும் அவர் தலையில்தான். கூட இருந்தவர் போன பிறகு வேறு ஆள் போடவில்லை. மற்றபடி நலம்.

கூழாங்கல்லுக்கு எங்கே போவது? கடையில் பொத்தான் கொட்டிக் கிடக்கிறது. அதைத்தான் கொடுக்கப்போகிறேன். விதியில் இடம் உண்டா என்று எழுது.

இப்படிக்கு,
அக்கா


மார்ச் 5

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமே விழைகிறேன். பொத்தான் பற்றி இயக்குநரிடம் கேட்டேன். கையேட்டில் 'கூழாங்கல் அல்லது அதற்கு நிகரான உள்ளூர்ப் பொருள்' என்று இருக்கிறதாம். பொத்தான் உள்ளூர்ப் பொருளா என்று யோசிக்க ஒரு கூட்டம் கூட்டினார். தற்காலிகமாக அனுமதி.

உன் கூட்டம் இந்த மாதக் கடைசியில். ஒன்று சொல்ல வேண்டும். போன முறை வந்தபோது மொட்டைமாடியில் நின்று பார்த்தேன். உங்கள் வரிசை வீடுகளின் பின்சுவருக்கும் ஐஸ் கம்பெனியில் குளிரூட்ட வைத்திருக்கும் அமோனியா தொட்டிக்கும் நடுவில் ஒரு சந்துதான் இருக்கிறது. அமோனியா கசிந்தால் முதலில் கண்ணையும் பிறகு மூச்சையும் பிடிக்கும். நிறையக் கசிந்தால் ஓடிப்போய்த் தப்பிக்கவும் நேரம் தராது. நீயாக அதை எடுக்காதே, விதி இடம் கொடுக்காது. யாராவது சொன்னால் மட்டும் விடாமல் எழுதிக்கொள்.

அத்தானுக்கு இருமல் வீட்டில் இருக்கும்போது வருகிறதா, வேலைக்குப் போய் வந்தால் வருகிறதா? சும்மா கேட்டேன்.

அன்புடன்,
தம்பி


மார்ச் 30

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் நலம். உனக்குச் சளி என்று போனில் குரலைக் கேட்டே தெரிந்துகொண்டேன். வெந்நீர் குடி.

கூட்டம் நல்லபடியாக நடந்தது. அந்த 'நல்லபடி' எப்படி என்று எழுதுகிறேன். சமுதாயக் கூடத்தில் நாற்காலி இல்லை என்று யாரோ சொல்லி, ஐஸ் கம்பெனியிலிருந்து நாற்காலி வந்தது. நாற்காலியோடு மின்விசிறி வந்தது. மின்விசிறியோடு குளிர்ந்த தண்ணீர் வந்தது. தண்ணீரோடு மேனேஜர் வந்தார். முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டு எல்லாரையும் திரும்பிப் பார்த்து, "யாரும் பயப்படாம சொல்லுங்க. நான் இருக்கேன்ல" என்றார்.

யாரும் பயப்படாமல் சொன்னார்கள். தெருநாய் என்றார் சலூன்காரர். தெருநாய்தான் என்றாள் டீக்கடைக்காரி. ஒரு பெரியவர் சாக்கடை என்று ஆரம்பித்தார். சாக்கடை கம்பெனி வாசல் வழியாக ஓடுகிறது என்பது நடுவில் ஞாபகம் வந்து, "சாக்கடை ஓரமா படுத்திருக்கிற நாய்" என்று முடித்தார்.

படம் வரைந்தார்கள். வீடுகள் சரி, பள்ளிக்கூடம் சரி, சலூன், டீக்கடை, என் கடை எல்லாம் சரி. ஐஸ் கம்பெனி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மரம் வரைந்தார்கள். நல்ல பெரிய மரம். அங்கே மரம் கிடையாது. கம்பெனியை மறைக்கிற அளவுக்குப் பெரிய மரம் எங்கள் தெருவிலேயே கிடையாது. தெருவில் பாதிப் பேருக்கு அங்கேதான் வேலை என்பது உனக்குத் தெரியும்.

"வேற ஏதாவது?" என்று கேட்டேன். சொல்லிக்கொடுத்தபடி காத்திருந்தேன். மின்விசிறி மட்டும் பேசியது. பொத்தான்கள் எல்லாம் நாய் மேல் விழுந்தன. மேனேஜரும் ஒரு பொத்தான் வைத்தார். தன் கோட்டுக்கு அது பொருந்துமா என்று பார்த்துவிட்டு வைத்தார்.

தாளை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். அத்தான் நலம்.

இப்படிக்கு,
அக்கா


ஏப்ரல் 7

அன்புள்ள அக்காவுக்கு,

சளி போய்விட்டது. உன் கடிதத்தைப் பலமுறை படித்தேன். நான் கேட்ட கேள்விக்கு 'அத்தான் நலம்' என்று மட்டும் இருக்கிறது. அது பதில் இல்லை.

இயக்குநருக்கு உன் தாள் மிகவும் பிடித்துவிட்டது. இவ்வளவு ஒருமித்த கருத்து எந்தத் தெருவிலிருந்தும் வந்ததில்லையாம். நாய் எண்ணக்கூடியது, படம் எடுக்கக்கூடியது, ஆண்டறிக்கையில் அட்டைப்படமாகவும் போடலாம். நாய்க்கடித் தடுப்புக் கருத்தரங்குக்கு உத்தரவாகிவிட்டது. அந்த மரத்தைப் பார்த்து, "பசுமையான பகுதி போலிருக்கே" என்று பாராட்டினார். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததை எழுத முடியாது என்பதுதானே நான் ஊரெல்லாம் போய்க் கற்றுக்கொடுப்பது.

ஒரு வழி இருக்கிறது. மக்கள் தங்கள் தெருவைப் பற்றிப் பேசத் தயங்கினால், மாதிரி ஊரை வைத்து மறுபடி ஒத்திகை நடத்தலாம் என்று கையேட்டில் இருக்கிறது. எரிமலை வேண்டாம். வெள்ளைத் தாளைக் கொடு. இல்லாத ஒரு ஊரை அவர்களே வரையட்டும். மேனேஜரைக் கூப்பிடாதே.

இன்னொன்று. மெஷின் ரூம் பாதுகாப்பாக இருக்கிறது என்று மாதாமாதம் கையெழுத்துப் போடுவது யார்?

உடம்பைப் பார்த்துக்கொள். ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்குகிறாயா, மூடி வைத்தா?

அன்புடன்,
தம்பி


ஏப்ரல் 24

அன்புள்ள தம்பிக்கு,

நலம். ஜன்னல் மூடித்தான் இருக்கிறது. திறந்தால் கண் எரிகிறது.

நீ சொன்னபடி ஒத்திகை நடத்தினேன். சமுதாயக் கூடம் வேண்டாம் என்று என் கடையிலேயே. தையல் மெஷின்களைச் சுவரோரமாகத் தள்ளிவிட்டு, மேலே 'மாதிரி ஊர்' என்று எழுதித் தாளை விரித்தேன். இது இல்லாத ஊர், யார் வேண்டுமானாலும் எது வேண்டுமானாலும் சொல்லலாம் என்றேன். கொஞ்ச நேரம் வீடு வரைந்தார்கள், குளம் வரைந்தார்கள். டீக்கடைக்காரி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஒரு ஐஸ் கம்பெனி வெச்சுக்கலாமா? சும்மா, ஊர்னா ஒண்ணு வேணும்ல" என்றாள்.

அதற்கப்புறம் எனக்கு எழுதி மாளவில்லை, தம்பி. பள்ளிக்கூடத்தில் இன்னும் சேராத குழந்தைகள், எழுதப்படிக்கத் தெரியாதவர்கள் எல்லாம் அந்த ஊரில் பல வருஷம் வாழ்ந்தவர்கள் மாதிரி பேசினார்கள். விடியற்காலையில் அந்த ஊரில் என்ன வாசனை வருகிறது, எந்தக் காற்றடித்தால் எந்த வீட்டுக் குழந்தை வாந்தி எடுக்கிறது, கம்பெனியின் பின்கேட் எதற்காகப் பூட்டியே கிடக்கிறது எல்லாம் சொன்னார்கள். "அந்த ஊர்க்காரங்க ஏன் இதை யார்கிட்டயும் சொல்லல?" என்று கேட்டேன். கேட்கலாம், விதியில் இடம் இருக்கிறது. "அந்த ஊர்க்காரங்களுக்கு வயிறு இருக்குல்ல" என்றார் தபால்காரர்.

பொத்தான் போதவில்லை. ஊசிப் பெட்டியையும் கவிழ்த்தேன்.

கடைசியில் கூட்டத்திலிருந்து ஒரு பெண், "அப்போ அந்த ஊர்ல மெஷின் ரூமைப் பாக்கறவன் என்னதான் பண்றான்?" என்று கேட்டுவிட்டாள். புதிதாகக் குடிவந்தவள், பாவம், தெரியாமல் கேட்டாள். எல்லாரும் தாளைப் பார்த்தார்கள். நான் காத்திருந்தேன். எனக்கு வேறென்ன தெரியும்?

"கையெழுத்துப் போடறான்" என்றார் சலூன்காரர். மெதுவாகத்தான் சொன்னார்.

எழுதினேன். கடைக்கும் உள் அறைக்கும் நடுவில் ஒரு திரைதான் என்பது உனக்குத் தெரியும். உன் அத்தான் உள்ளே படுத்திருந்தார். தூங்கிப்போயிருந்தார் என்று நினைக்கிறேன்.

ஒத்திகைத் தாளை அனுப்பக் கூடாது, கிழித்துவிட வேண்டும் என்று கையேடு சொல்கிறது. கிழிக்கவில்லை. சுருட்டி அலமாரி மேலே போட்டிருக்கிறேன். இல்லாத ஊரைப் பற்றி உனக்கு என்ன கவலை?

இப்படிக்கு,
அக்கா


மே 2

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா என்று கேட்கப் பயமாக இருக்கிறது. இருந்தாலும் கேட்கிறேன்.

அந்தத் தாளை எனக்கு அனுப்பு.

இயக்குநரிடம் பொதுவாகப் பேசிப் பார்த்தேன். ஒத்திகையில் உண்மையான ஆபத்து வெளிவந்தால் என்ன செய்வது என்றேன். கற்பனை ஊரின் ஆபத்துக்குக் கற்பனையாகத்தான் நடவடிக்கை எடுக்க முடியும் என்றார். வேடிக்கையாகச் சொல்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் அதைக் குறித்துக்கொள்ளச் சொன்னார். ஒத்திகைத் தாளை உண்மைத் தாளாக மேலே அனுப்பியவரைப் போன வருஷம் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

இன்னொரு வழியும் இருக்கிறது. நேராகத் தொழிற்சாலை ஆய்வாளர்களுக்கு அனுப்பலாம். அவர்கள் வந்தால் முதலில் பார்ப்பது குழாயை இல்லை, கையெழுத்தை. அது அத்தானுடையதுதானே? இல்லை என்று எழுது, நிம்மதியாகத் தூங்குவேன். ஆமாம் என்றாலும் எழுது.

நீங்கள் இரண்டு பேரும் இங்கே வந்து கொஞ்ச நாள் இருங்களேன். என் அறை சிறியதுதான். ஆனால் கண் எரியாது.

உடனே பதில் போடு.

தம்பி


மே 15

அக்கா,

பதில் இல்லை. போன் செய்தால் "அடுப்பில் ஏதோ தீய்கிறது" என்று வைத்துவிடுகிறாய். உன் வீட்டில் அடுப்பு எப்போதும் எரிகிறதா?

தினம் காலையில் செய்தியில் உங்கள் பகுதியின் பெயர் வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பல் தேய்க்கிறேன். வராத நாளில் நீ நலம் என்று எடுத்துக்கொள்கிறேன். இப்படி நலம் விசாரிப்பது நன்றாக இல்லை.

ஒரு வரி எழுது.

தம்பி


மே 26

அன்புள்ள தம்பிக்கு,

நலம். போனில் பேச முடியவில்லை. இங்கே சுவர் இல்லை, திரைதான்.

ஆமாம், அவருடைய கையெழுத்துதான். தொட்டியிலிருந்து வரும் குழாயின் இணைப்பு அரித்துப்போயிருக்கிறது. மாற்ற வேண்டும் என்று அவர் எத்தனையோ முறை கேட்டுவிட்டார். சீசன் முடியட்டும் என்கிறார் மேனேஜர். ஐஸுக்குச் சீசன் எப்போது முடியும்? முதலில் கேட்டது கூட இருந்தவரிடம்தான், அவர் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். இப்போது பக்கத்து ஊரில் வேன் ஓட்டுகிறார். இவர் போடுகிறார். போட்டுவிட்டு வந்து சாப்பிடாமல் படுத்துவிடுகிறார். நான் ஏன் என்று கேட்பதில்லை, அவரும் சொல்வதில்லை. ஒரு நாள் இரண்டு பேரும் சேர்ந்து ஈரத்துணியை மடித்து ஜன்னல் இடுக்கில் அடைத்தோம். அப்போதும் ஒரு வார்த்தை பேசவில்லை. துணி எந்த நிறம் என்பதைப் பற்றித்தான் பேசினோம்.

ஆய்வாளர் வந்தால் மேனேஜர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். "எங்க ஆள் எல்லாம் சரியா இருக்குன்னுதானே கையெழுத்துப் போட்டிருக்கார்" என்பார். இவர் உள்ளே போவார். கம்பெனி மூடினால் தெருவே எங்கள் வாசலில் வந்து மண் தூற்றும். ஆய்வாளர் வராவிட்டால் என்ன ஆகும் என்பதும் தெரியும். பள்ளிக்கூடம் அந்தக் காற்றுக்கு நேராக இருக்கிறது.

வழிநடத்துநர் தன் கருத்தைச் சொல்லக் கூடாது என்று நீதான் எழுதினாய். இவ்வளவு வசதியான விதியை நான் பார்த்ததே இல்லை. நாலு மாதமாக அதற்குள்ளேயே குடியிருக்கிறேன்.

நீ ஒன்றும் செய்யாதே. என் மேல் ஆணை, ஒன்றும் செய்யாதே. செய்வதாயிருந்தால் என்னிடம் சொல்லாதே.

அலமாரி மேலே இடம் தேவைப்படுகிறது. அந்தத் தாளை இத்துடன் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
அக்கா


ஜூன் 8

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். கடிதம் கிடைத்தது. உன் முட்டிவலிக்கு ஒரு தைலம் வாங்கியிருக்கிறேன், வரும்போது கொண்டுவருகிறேன்.

இங்கே வெயில் பரவாயில்லை. அலுவலகத்தில் நாய்க்கடிக் கருத்தரங்கு சிறப்பாக நடந்தது. கருத்தரங்கு மண்டபத்துக்குள் ஒரு நாய் வந்துவிட்டது. இயக்குநர் மேசை மேல் ஏறிக்கொண்டு தொடர்ந்து பேசினார். மேடைப் பேச்சில் அனுபவம் உள்ளவர்.

நீ சொன்னபடியே நடந்துகொண்டேன்.

அடுத்த வாரம் அத்தானால் லீவு போட முடியுமா? முடியாவிட்டால் வேண்டாம். இல்லை, வேலைக்குப் போவதுதான் நல்லதோ என்னவோ. எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இருக்கிற காகிதம் எதையும் யாரும் மாற்றி எழுத வேண்டாம் என்று மட்டும் சொல். நான் சொன்னதாகச் சொல்லாதே.

வேறு விசேஷம் இல்லை.

அன்புடன்,
தம்பி


ஜூன் 29

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் இருவரும் நலம். இந்த முறை அதை யோசித்துத்தான் எழுதுகிறேன். உன் வேலை இருக்கிறதா? அதை முதலில் எழுது.

காலையில் தையலுக்கு உட்கார்ந்தபோது கம்பெனி வாசலில் வண்டி வந்து நின்றது. ஆய்வாளர் ஒரு பெண், உன் வயதுதான் இருக்கும். கூட இரண்டு பேர். கேட்டுக்கு வெளியிலேயே முகமூடி மாட்டிக்கொண்டார்கள். நாங்கள் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றோம், முகமூடி இல்லாமல். அப்போதுதான் டீக்கடைக்காரி தன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தெருவின் அந்தக் கோடிக்குப் போனாள். அவளைப் பார்த்து ஒவ்வொருத்தராகப் போனார்கள்.

உள்ளே நடந்ததை உன் அத்தானே சொன்னார். மேனேஜர் நான் போன மாதம் உனக்கு எழுதியதை அப்படியே சொன்னாராம்: "எங்க ஆள்தான் மேடம் கையெழுத்துப் போட்டிருக்கார், எல்லாம் சரியா இருக்குன்னு." அந்தப் பெண் அவரைக் கவனிக்காமல், பையிலிருந்து சுருட்டிய தாளை எடுத்து மேசை மேல் விரித்தாளாம். "இந்தப் படம் எங்களுக்கு வந்திருக்கு. மேல 'மாதிரி ஊர்'னு எழுதியிருக்கு. இது எந்த ஊர்?"

"அது ஒத்திகைக்கு வரைஞ்சது மேடம், அப்படி ஒரு ஊரே கிடையாது" என்றாராம் மேனேஜர். அது உண்மை. அவர் அங்கே உண்மை பேசியது அது ஒன்றுதான்.

உன் அத்தான் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாராம். என் கையெழுத்து அவருக்குத் தெரியாதா? அளவு எழுதுகிற சீட்டில் தினம் பார்க்கிறார். 'கையெழுத்துப் போடுகிறான்' என்று நான் எழுதிய இடத்தில் விரலை வைத்து, "இந்த ஊர்தான் மேடம். இந்த ஆள் நான்தான். வாங்க, குழாயைக் காட்டறேன்" என்றாராம்.

இணைப்பில் ஒட்டியிருந்த துருவை அவர்களில் ஒருவர் ஸ்குரூ டிரைவரால் லேசாகச் சுரண்டிப் பார்த்திருக்கிறார். சுரண்டிய கையை அப்படியே நிறுத்திவிட்டாராம். அன்று சாயங்காலத்துக்குள் தொட்டியைக் காலி செய்ய ஆள் வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தை அதுவரை மூடி வைத்தார்கள்.

கம்பெனிக்குச் சீல் வைத்திருக்கிறார்கள். இவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். வழக்கு வருமா என்று தெரியவில்லை. வரும் என்கிறார் தபால்காரர், தானாக ஒத்துக்கொண்டதால் லேசாகத்தான் வரும் என்கிறார் சலூன்காரர். ஆனால் அவர் இவருக்கு முடி வெட்ட மறுத்துவிட்டார். அவர் மகனுக்கும் அங்கேதான் வேலை. தைக்கக் கொடுத்த துணியை நாலைந்து பேர் பாதியிலேயே திரும்ப வாங்கிக்கொண்டு போனார்கள். ஒருத்தி ஒற்றைக் கை வைத்த ரவிக்கையை வாங்கிக்கொண்டு போனாள். அதை என்ன செய்வாள் என்று தெரியவில்லை. டீக்கடைக்காரி மட்டும் வந்து உட்கார்ந்திருந்துவிட்டுப் போனாள்.

அன்று வீட்டுக்கு வந்து உன் அத்தான் சாப்பிட்டார். ரொம்ப நாளைக்கப்புறம் இரண்டாம் முறை போட்டுக்கொண்டு சாப்பிட்டார். கை கழுவிவிட்டு வந்து என் எதிரில் உட்கார்ந்து, "நான் அன்னிக்கு உள்ளே தூங்கல" என்றார். "தெரியும்" என்றேன். "எல்லாரும் சொன்னதைக் கேட்டுட்டு, இவ இதை என்ன பண்ணப்போறாளோன்னு தினம் அலமாரியைப் பாத்துட்டே இருந்தேன். ஒரு நாள் தாளைக் காணோம். அன்னிலேர்ந்து எந்த வண்டி வந்தாலும் எட்டிப் பாத்தேன். எனக்குத் தைரியம் வரல. உனக்காவது வந்துதே. நீதானே அனுப்பினே?"

உன்னிடம் அனுப்பினேன், ஒன்றும் செய்யாதே என்று ஆணையிட்டு அனுப்பினேன் என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். அவர் என்னை அப்படி ஒரு முகத்தோடு பார்த்து எத்தனை வருஷம் ஆகிறது தெரியுமா? "ஆமா" என்றேன்.

அவர் உனக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறார். "உன் அக்கா எப்பேர்ப்பட்ட ஆள் தெரியுமாடா" என்று ஆரம்பித்திருக்கிறார். எட்டிப் பார்த்தேன். தெரியும் அத்தான் என்று பதில் போட்டுவிடு.

இப்படிக்கு,
அக்கா